ரிச்சர்ட் ஸ்டாண்ட்ஸ் என்பவர் யார்?

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

2025 ஜூலையில் நம் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் ஏறியதிலிருந்து ஊரில் டீக்கடை பெஞ்சுகூட நிமிர்ந்து நிற்பதாகக் கேள்வி. மராட்டியர் கோட்டைகள் என்று 12-ஐப் பொறுக்கி, 11-ஐ மகாராஷ்டிரத்துக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் ஒன்றுக்குச் செஞ்சி என்று பெயர் சொன்னார்களே, அந்த ஒன்று போதும் நமக்கு. இந்தச் சந்தோஷத்தின் நடுவிலும் நீங்கள் விடாமல் எழுப்பும் வழக்கு ஒன்று நிலுவையில் இருக்கிறது. வெளிநாட்டில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் டீச்சர் சொல்வதை அரைகுறையாகக் காதில் வாங்கி, வீட்டுக்கு வந்து ஏடாகூடமாகக் கொட்டுகிறார்கள். பெற்றவர்கள் கண்டிக்காமல் அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுச் சிரிக்கிறார்கள். அமெரிக்காவிலேயே அதிகமாக வீட்டு வரி வாங்கும் மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த வரியில் நடக்கும் பள்ளியில் கிடைப்பது இதுதானா என்பது உங்கள் கேள்வி. ஆயுசு முழுக்கக் கணக்கு வாத்தியாராக இருந்தவர் கேட்கிறீர்கள். "காலம் கெட்டுப்போச்சு" என்று எழுதி நழுவ முடியாது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரும் தப்பு கவனிக்காததால் வருவதில்லை. கவனித்து, யோசித்து, விட்டுப்போன இடத்தைத் தானே நிரப்பிக்கொண்டதால் வருகிறது. நாம் கவலைப்பட வேண்டியது எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளையைப் பற்றித்தான்.

இந்த வகையில் உலகப் புகழ் பெற்ற தப்பு இங்கிலாந்தில் நடந்தது. லாரி லீ என்ற எழுத்தாளர் 1959-ல் வெளிவந்த 'சைடர் வித் ரோஸி' என்ற இளமை நினைவுகளில் அதைச் சொல்கிறார். ஸ்லாட் என்ற கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள். இப்போதைக்கு இங்கே உட்கார் என்று டீச்சர் சொல்கிறார். 'இப்போதைக்கு' என்பதற்கு அவர் வாயில் வந்த சொல் 'பிரசன்ட்'. பையனுக்குத் தெரிந்த பிரசன்ட், பரிசு. தருவார்கள், தருவார்கள் என்று நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பி, இனி அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று ஆர்ப்பாட்டம் செய்தான். (நம் ஊர் இங்கிலீஷ் மீடியம் பிள்ளையின் நிலைமை இன்னும் மோசம்; அது தினமும் காலையில் எழுந்து நின்று "பிரசன்ட் மிஸ்" என்று தன்னையே பரிசளித்துவிட்டு உட்காருகிறது.) மார்கரெட் டொனால்ட்சன் என்ற ஸ்காட்லாந்து உளவியலாளர் 1978-ல் எழுதிய 'சில்ட்ரன்ஸ் மைண்ட்ஸ்' நூலில் இந்தச் சம்பவத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு நியாயம் கேட்டார். பையனுக்கு அந்தச் சொல்லின் இன்னொரு பொருள் தெரியவில்லை என்பது பாதிக் கதைதான். அவன் அதை எப்படி எடுத்துக்கொள்வான் என்று டீச்சருக்குத் தோன்றவில்லை என்பது மறுபாதி. எனக்கு அதற்கும் மேலே ஒன்று படுகிறது. தாலுகா ஆபீசில் யாராவது "உட்காருங்க" என்றால் நாம் ஏன் என்று கேட்காமல் மத்தியானம் வரை உட்காருகிற ஜாதி. அந்தப் பையன் அப்படி இல்லை. ஓரிடத்தில் உட்காரவைத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று எண்ணினான். கையில் இருந்த ஒரே சொல்லை வைத்து அந்தக் காரணத்தைக் கண்டும்பிடித்தான்.

அமெரிக்காவில் இதற்குத் தேசிய அளவிலேயே ஓர் உதாரணம் உண்டு. காலையில் ஒலிபெருக்கியில் குரல் வந்ததும் ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுந்து, வலது கையை நெஞ்சில் வைத்து, வகுப்பு மூலையில் இருக்கும் கொடியைப் பார்த்து உறுதிமொழி சொல்கிறார்கள். பிரான்சிஸ் பெல்லமி என்பவர் 1892-ல் எழுதியது. கொடிக்கும், அந்தக் கொடி எதன் சின்னமோ அந்தக் குடியரசுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்பது அதன் கருத்து. 'எதன் சின்னமோ' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் காதில் 'ரிச்சர்ட் ஸ்டாண்ட்ஸ்' என்ற ஒரு மனிதராக விழுந்துவருகிறது. பிரிக்க முடியாத நாடு என்பது 'இன்விசிபிள்' ஆகி, கண்ணுக்குத் தெரியாத நாடாகிவிடுகிறது. பெரியவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். பிள்ளையின் பக்கம் நின்று பாருங்கள். விசுவாசம் என்பது ஓர் ஆளிடம் காட்டுவது என்றுதான் அதற்குத் தெரியும். ஆகவே அந்த இடத்தில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நாடு என்பதில்தான் என்ன பிழை? வகுப்பு தெரிகிறது, பள்ளிக்கூட பஸ் தெரிகிறது. நாட்டை யார் பார்த்தது? நம் பக்கம் வந்தால், பைடிமர்ரி வெங்கட சுப்பா ராவ் 1962-ல் தெலுங்கில் எழுதிய தேசிய உறுதிமொழியை நம் பிள்ளைகளும் கை நீட்டிச் சொல்கிறார்கள். இந்தியர் எல்லோரும் உடன்பிறந்தவர்கள் என்றால் கல்யாணம் யாரைச் செய்வது என்று ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பையன் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு தலைமுறையிலும் அவன் முதுகுதான் வீங்கியிருக்கிறது. ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களில் சொன்னதன் பொருளை உள்ளே வாங்கியவன் அவன் ஒருவன்தான். 52 விநாடி தேசிய கீதத்தையும் செஞ்சிப் பிள்ளைகள் சுருதி சுத்தமாகப் பாடுகிறார்கள். பொருள் சொல் என்றால் பக்கத்தில் நிற்கும் வாத்தியாருக்கும் வியர்க்கும். அதை யாரும் தப்பு என்று சொல்வதில்லை. சத்தம் சரியாக இருக்கிறதல்லவா!

இப்படித் தப்பாகக் காதில் விழுவதற்கென்றே ஆங்கிலத்தில் 'மாண்டக்ரீன்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் சில்வியா ரைட், 1954-ல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில். ஸ்காட்லாந்துக் கதைப்பாடல் ஒன்றில் ஒரு பிரபுவைக் கொன்று புல்தரையில் கிடத்தினார்கள் என்று வருகிறது. அம்மா படிக்கக் கேட்ட சிறுமி சில்வியா, பிரபுவோடு லேடி மாண்டக்ரீன் என்ற சீமாட்டியையும் கொன்றுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, அந்தச் சீமாட்டிக்காக உருகியிருக்கிறாள். அமெரிக்கர்களுக்கு இது வேடிக்கை. செஞ்சிக்காரர்களுக்கு அப்படி இருக்கக் கூடாது. 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட ராஜா தேசிங்குக்காக அவன் ராணியும் தீயில் இறங்கினாள் என்றுதானே நாம் கதை கேட்டு வளர்ந்தோம்? ராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயருக்கே அவளைத்தானே காரணம் சொல்கிறோம்? பிரபு விழுந்தால் பக்கத்தில் ஒருத்தியும் விழுந்திருப்பாள் என்று நினைத்த சிறுமிக்கு வீரக்கதையின் இலக்கணம் தெரிந்திருக்கிறது. அதோடு, பந்தேலா ராஜபுத்திரனான தேஜ் சிங்கைத் தேசிங்கு என்று காதில் வாங்கி, அப்படியே பாட்டுக் கட்டி, 300 வருஷமாகப் பாடி வருவது யார்? செஞ்சியை வெள்ளைக்காரன் ஜிஞ்ஜி என்று எழுதியதை இன்றுவரை பெயர்ப்பலகையில் சுமப்பது யார்? இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளையின் காதைத் திருகுவதற்கு நமக்கு யோக்கியதை இல்லை.

காதுச் சமாச்சாரம் போகட்டும், கணக்குக்கு வா என்பீர்கள். வருகிறேன். 52-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 45 என்று எழுதும் பிள்ளைகளை உங்கள் காலத்தில் எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்! கவனமில்லை என்று சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போடுவது வழக்கம். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் (இவர் நிஜமான ரிச்சர்ட்) என்ற இருவர் 1978-ல் பிள்ளைகளின் இப்படிப்பட்ட தப்புகளைப் பிரித்து மேய்ந்து, அவற்றில் பல குருட்டாம்போக்கில் வருவதில்லை, ஒரு கோணல் விதியை விடாப்பிடியாகக் கடைப்பிடிப்பதால் வருகின்றன என்று காட்டினார்கள். இங்கே அந்த விதி என்ன? ஒன்றாம் இடத்தில் மேலே 2, கீழே 7. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று போன வருஷம் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம். பிள்ளை அதன்படி 7-லிருந்து 2 போக 5 என்று எழுதியது. பத்தாம் இடத்தில் 5-லிருந்து 1 போக 4. ஆக 45. இதே பிள்ளைக்கு 63-லிருந்து 28 என்று கொடுத்துப் பாருங்கள்; அங்கேயும் 35-க்குப் பதில் 45-ஐத்தான் எழுதும். கவனமில்லாத பிள்ளை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகத் தப்புவிடும். விதி வைத்திருக்கும் பிள்ளைதான் அடுத்த தப்பு எதுவென்று நாம் முன்கூட்டியே சொல்ல முடிகிற அளவுக்கு நாணயமாகத் தப்புவிடும்.

இன்னொரு கணக்கு இதைவிடக் காட்டமானது. 8 + 4 = ☐ + 5. கட்டத்துக்குள் 7 வர வேண்டும். அமெரிக்காவில் 145 ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் இதைக் கொடுத்த விவரம் 1999-ல் வெளியானது. 145 பேரும் 12 அல்லது 17 என்றே எழுதியிருந்தார்கள். ஒரு பையனுக்குத் தப்பு வந்தால் அவன் மண்டையைச் சொல்லலாம். மொத்தப் பேருக்கும் அதே தப்பு வந்தால் பாடத்தைத்தான் சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் சமக்குறிக்கு வலப்பக்கம் விடையை மட்டும் எழுதவைத்தால், சமக்குறி என்றால் 'விடையைப் போடு' என்ற உத்தரவு என்று பிள்ளை முடிவுகட்டாமல் என்ன செய்யும்? பிள்ளையின் தப்பு, பள்ளிக்கூடம் அனுப்பிய சரக்குக்கு வந்த ரசீது. அதைக் கிழித்துப் போடாமல் படித்துப் பார்த்தால் எது வந்து சேர்ந்தது, எது வழியில் நின்றுவிட்டது என்று தெரியும்.

காதும் கணக்கும் தாண்டி, உலகத்தைப் பற்றிய பெரிய விஷயங்களிலும் இதே கதைதான். ஸ்டெல்லா வோஸ்னியாடு, வில்லியம் ப்ரூவர் என்ற ஆய்வாளர்கள் இல்லினாய் மாநிலத்துப் பிள்ளைகளிடம் பூமியைப் பற்றி விசாரித்து 1992-ல் எழுதினார்கள். பூமி உருண்டை என்கிறார் டீச்சர்; ஜன்னல் வழியே பார்த்தால் தட்டை. டீச்சரும் பொய் சொல்ல மாட்டார், கண்ணும் பொய் சொல்லாது. இந்த இரண்டு சாட்சியையும் ஒத்துப்போகவைக்கப் பிள்ளைகள் பாடுபட்டிருக்கிறார்கள். சிலர் உருண்டையை உள்ளே கூடாக்கி, அதற்குள் தட்டையான தரை போட்டு நம்மைக் குடியேற்றினார்கள். சிலர் பூமியையே இரண்டாக்கி, வானத்தில் உருண்டையாக ஒன்று, காலுக்குக் கீழே தட்டையாக ஒன்று என்று வழக்கைச் சமரசம் செய்தார்கள். ஹைதராபாத் பிள்ளைகளை விசாரித்து 1996-ல் வெளியான ஆய்வில், பூமி தண்ணீரின் மேல் இருப்பதாகச் சொன்னவர்கள் பலர். வீட்டில் கேட்ட கதையையும் கைவிட அவர்களுக்கு மனமில்லை. இதை மறுத்தவர்களும் உண்டு. பிரிட்டனில் வேறு ஆய்வாளர்கள், பூமியை வரைந்து காட்டு என்று பிள்ளையைத் திணறடிக்காமல், பல படங்களைக் காட்டி இதில் எது என்று கேட்டபோது, நிறையப் பிள்ளைகள் சரியானதையே காட்டினார்கள். முதல் ஆய்வாளர்கள் கண்டதில் ஒரு பங்கு கேள்வி கேட்ட விதத்தால் வந்தது என்பது இவர்கள் வாதம். இது என் கட்சிக்கு எதிரானதல்ல. கேள்வியை மாற்றினால் தப்பும் மாறுகிறது என்றால், தப்பில் கேட்டவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்றுதானே ஆகிறது? ஸ்லாட் கிராமத்து டீச்சரின் பங்கைப் போல.

இனி உங்கள் தரப்பு ஆட்சேபணைகள். வீட்டில் தமிழ், வெளியே இங்கிலீஷ் என்று இரண்டு பாஷையை ஒரே மண்டையில் போட்டுக் குழப்புவதுதான் காரணம், வீட்டிலும் இங்கிலீஷே பேசித் தொலையுங்கள் என்று அங்கே பெரியவர்கள் சிலர் யோசனை சொல்கிறார்கள். இதே யோசனையை இங்கே சில பெற்றோர் தாங்களாகவே நிறைவேற்றிவிட்டார்கள். சாட்சிகளைத் திரும்பப் பாருங்கள். லாரி லீக்கும் சில்வியா ரைட்டுக்கும் வீட்டிலும் வெளியிலும் இங்கிலீஷ்தான். ரிச்சர்ட் ஸ்டாண்ட்ஸைப் பெற்றெடுத்தவர்கள் இங்கிலீஷ் தவிர வேறு பாஷை அறியாத அமெரிக்கப் பிள்ளைகள். பள்ளியில் போட்டோ எடுக்கும் நாளுக்கு இங்கே 'பிக்சர் டே' என்று பெயர். வகுப்பில் பிக்சர் என்றால் கிரேயான் வைத்து வரைவது என்றே பழகிய பிள்ளை, அன்றைக்குத் தலை வாரிக்கொள்ளாமல் தான் வரைந்த யானையோடு போய் நின்றால், அதற்குத் தமிழ் என்ன பாவம் செய்தது? தமிழை நிறுத்தினால் தப்பு நிற்காது. தாத்தா பாட்டியோடு பேச்சுதான் நிற்கும்.

அடுத்தது கனமான ஆட்சேபணை: அப்படியானால் தப்பைத் திருத்தவே வேண்டாமா, அழகாக இருக்கிறது என்று பூஜையறையில் வைப்பதா? கட்டாயம் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹார்வர்டு பல்கலைக்கழகமே அத்தாட்சி. 1987-ல் வந்த 'எ பிரைவேட் யுனிவர்ஸ்' என்ற ஆவணப்படத்துக்காக, பட்டமளிப்பு நாளில் மாணவர், பேராசிரியர், பழைய மாணவர் என்று 23 பேரை நிறுத்தி, கோடையும் குளிரும் ஏன் வருகின்றன என்பது போன்ற கேள்வியைக் கேட்டார்கள். 21 பேரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பூமி சூரியனுக்குக் கிட்டே போனால் கோடை, தள்ளிப்போனால் குளிர் என்பது அங்கே பலரின் பதில். சின்ன வயதில் அடுப்படியில் கற்ற விதி, கறுப்பு அங்கி போட்ட பிறகும் போகவில்லை. செஞ்சியில் இதை ஒரு நொடியில் உடைத்துவிடலாம். பூமி சூரியனுக்கு மிகக் கிட்டே வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில்; அதாவது நீங்கள் மப்ளர் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகும் மார்கழியில். தூரம்தான் காரணம் என்றால் மார்கழியில் அல்லவா நம் கோட்டை ராஜகிரிப் பாறையில் தோசை சுட வேண்டும்? ஆனால் கவனியுங்கள், அந்த 21 பேருக்கும் சரியான விடையைப் பள்ளியில் ஒரு காலத்தில் சொல்லித்தான் இருப்பார்கள். தப்பின் அடியில் இருந்த விதியை யாரும் கேட்டு வெளியே எடுக்கவில்லை. அதன் மேலேயே சரியான விடையைப் பூசிவிட்டார்கள். பரீட்சை முடிந்ததும் பூச்சு உதிர்ந்துவிட்டது. சிரித்துவிட்டு விடுவதும், அதட்டிவிட்டு விடுவதும் அந்த வகையில் ஒன்றுதான்.

மூன்றாவதாக, பள்ளி சரியாகச் சொல்கிறது, பிள்ளைதான் தப்பாக வாங்குகிறது என்று ஒரு கருத்து. பள்ளியின் லட்சணத்தையும் கேளுங்கள். பிப்ரவரி 2-ஆம் தேதி பென்சில்வேனியாவில் பங்ஸட்டாவ்னி என்ற ஊரில், உயரத் தொப்பி போட்ட பெரிய மனிதர்கள் கூடி, வளையில் வாழும் கிரவுண்ட்ஹாக் என்ற பிராணியைத் தூக்கிப் பிடிப்பார்கள். அது தன் நிழலைப் பார்த்தால் இன்னும் ஆறு வாரம் குளிர். பார்க்காவிட்டால் வசந்தம் சீக்கிரம். 1887-லிருந்து நடக்கிறது. பாலர் வகுப்புகளில் அன்றைக்கு இதுதான் பாடம், படம், பாட்டு எல்லாம். நம் பல்லி சாஸ்திரத்துக்கும் இதற்கும் விசா ஒன்றுதான் வித்தியாசம். இதை முழுசாக நம்பி, ஜாக்கெட் எத்தனை நாள் போட வேண்டும் என்று அந்தப் பிராணியைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று வீட்டில் வந்து சொல்லும் பிள்ளை பாடத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டதா? பெரியவர்கள் எப்போது நிஜமாகச் சொல்கிறார்கள், எப்போது விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்பதற்கு எந்தப் பாடநூலிலும் அட்டவணை இல்லை.

சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வது முட்டாள்தனம் என்பதற்கு நீங்கள் வீரமாமுனிவரின் பரமார்த்த குருவைச் சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள் என்று தெரியும். கீழே விழுந்ததையெல்லாம் எடுக்க வேண்டும் என்றதும் குதிரைச் சாணத்தைப் பிடித்த சீடர்கள். எதை எடுக்கலாம் என்று பட்டியல் எழுதிக் கொடுத்ததும், பள்ளத்தில் விழுந்த குருவின் பெயர் பட்டியலில் இல்லையே என்று அவரை அப்படியே விட்டவர்கள். மட்டியும் மடையனும் பேதையும் மிலேச்சனும் மூடனும் நம் பிள்ளைகளுக்கு அண்ணன்மார் மாதிரி தோன்றலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தச் சீடர்கள் பட்டியலை ஒப்பிக்கிறவர்கள். பட்டியலில் இல்லாத ஒன்று வந்தால் அவர்கள் புத்தி அங்கேயே நின்றுவிடுகிறது. பிள்ளையின் புத்தி அந்த இடத்தில்தான் ஓடத் தொடங்குகிறது. பட்டியலில் இல்லாததைத் தானே எழுதிச் சேர்த்துக்கொள்கிறது. ரிச்சர்டையும், சீமாட்டியையும், இரண்டாவது பூமியையும் அப்படித்தான் சேர்த்தது. என் கணக்குப்படி மட்டியின் வாரிசு, பிசகில்லாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கும் பிள்ளைதான்.

ஆகவே கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் அங்கே வரும்போது ஒரு வேண்டுகோள். கோட்டைக்கு அழைத்துப்போவீர்கள். கல்யாண மகால் என்று நீங்கள் வாயெடுத்ததும், பந்தி எங்கே போட்டார்கள், கை கழுவும் இடம் எங்கே என்று ஒரு பிள்ளை கேட்கும். அரண்மனைப் பெண்கள் இருந்த இடம், வாயை மூடு என்று சொல்லிவிடாதீர்கள். கல்யாணம் என்றால் அதற்குத் தெரிந்தது மண்டபமும் சாப்பாடும்தான்; நடுவில் பல மாடிக் கோபுரமும் சுற்றி வரிசையாக அறைகளும் இருக்கும் கட்டடத்தைப் பார்த்தால் சம்பந்தி வீட்டார் தங்கும் இடம் என்று தோன்றுவதில் குற்றமும் இல்லை. "உனக்கு ஏன் அப்படித் தோணுச்சு?" என்று முதலில் கேளுங்கள். சொன்ன பிறகு திருத்துங்கள். சிரிப்பு வந்தால் அதற்கும் பிறகு, பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு சிரியுங்கள். கூட வரும் உள்ளூர்ப் பிள்ளைகளில் ஒருவன் கோட்டை வரலாற்றை வருஷம், ராஜா, படையெடுப்பு என்று மூச்சுவிடாமல் சரியாகச் சொல்வான். அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் கவலைக்கு உரிய பிள்ளை யார் என்று அப்போது தெரிந்துவிடும்.

சித்திக்கு என் நமஸ்காரம். பதில் எழுதவும்.

இப்படிக்கு,
என்றும் அன்புள்ள,
உங்கள் அண்ணன் மகன்